சோனி அடுத்த தலைமுறைக்குத் தயாரா?

11 அக்டோபர் 2025
(முத்தியால்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டது)

சோனி கன்சோல்களை வடிவமைக்கும் மார்க் செர்னியும் சிப் கம்பெனி ஏஎம்டியின் அதிகாரியும் உட்கார்ந்து பேசிய வீடியோவைப் பார்த்தீர்களா? சோனியின் அடுத்த கேம் கன்சோலான பிஎஸ்6-க்கு (பிளேஸ்டேஷன் 6) சிப் ரெடி. மைக்ரோசாஃப்ட் கதை முடிந்தது. நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாகக் கடையே போடவில்லை. இனிமேல் பிஎஸ்5 வாங்குகிறவன் ஏமாளி. கேம் சென்டர்காரர்கள் இருப்பதை விற்றுவிட்டுக் காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். சோனி தயாரா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

12 அக்டோபர் 2025, இரவு

ஒரே வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மாடியில் கேம் சென்டர் நடத்துகிறேன். பிஎஸ்2 காலத்திலிருந்து இதே தொழில். அந்த இடத்திலிருந்துதான் என்னால் பேச முடியும்.

முதலில் அந்த வீடியோ. சிப் ரெடி என்று அதில் யாரும் சொல்லவில்லை. மூன்று விஷயங்களைப் பற்றிப் பேசினார்கள். நியூரல் அரேஸ்: சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளைச் சேர்த்து ஒரே ஏஐ இயந்திரம் மாதிரி ஓட்டுவது. சின்னப் படத்தைப் பெரிய திரைக்குத் தெளிவாக மாற்றும் வேலைக்கு இது. ரேடியன்ஸ் கோர்ஸ்: ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்ற கணக்குக்கென்றே தனி வன்பொருள். யூனிவர்சல் கம்ப்ரெஷன்: மெமரிக்குப் போகும், மெமரியிலிருந்து வரும் எல்லாத் தகவலையும் சுருக்கி அனுப்புவது. இவை இப்போதைக்கு சிமுலேஷனில், அதாவது கம்ப்யூட்டர் மாதிரியில் மட்டுமே இருக்கின்றன என்று செர்னியே சொன்னார். இன்னும் சில வருடங்களில் வரும் கன்சோலில் கொண்டுவர ஆசை என்றார். அவ்வளவுதான்.

இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது மூன்றாவது. மற்ற இரண்டும் படம் அழகாகத் தெரிவதற்கு. மூன்றாவது செலவைக் குறைப்பதற்கு. மெமரியிலிருந்து வேகமாகத் தகவல் எடுப்பதுதான் கன்சோலில் காசு பிடிக்கும் இடம். அதைச் சுருக்கினால் விலை குறைந்த மெமரியை வைத்தே வேலையை முடிக்கலாம். சோனி விலையைப் பற்றியும் யோசிக்கிறது என்பதற்கு அந்த வீடியோவில் எனக்குக் கிடைத்த ஒரே அறிகுறி இது.

ஆனால் சிப்பை வைத்து ஒரு கம்பெனி தயார் என்று சொல்வது ஆபத்து. 2006-ல் பிஎஸ்3 வந்தபோது சோனியிடம் இருந்த செல் சிப்புக்கு நிகராக வீட்டுக் கன்சோலில் எதுவும் இல்லை. ஒரு முக்கிய கோர், கூடவே ஏழு துணைக் கோர்கள். காகிதத்தில் பார்த்தால் பயங்கரம். அந்தத் துணைக் கோர்களைச் சரியாக வேலை வாங்க ஆட்டம் எழுதுகிறவர்கள் வருடக்கணக்கில் திணறினார்கள். ப்ளூ-ரே டிரைவும் சேர்ந்து விலையைத் தூக்கிவிட்டது. அமெரிக்காவில் 60 ஜிபி மாடல் 599 டாலர். அதே மாதம் வந்த நிண்டெண்டோ வீ 249 டாலர். இந்தியாவுக்கு 2007 ஏப்ரலில் 39,990 ரூபாய்க்கு வந்தது. அந்தக் காலத்து 40,000 ரூபாயை நினைத்துப் பாருங்கள். கடலூரில் அதை வாங்கின வீடு எதுவென்று விசாரித்துக்கொண்டு போய் வேடிக்கை பார்த்த பையன்களை எனக்குத் தெரியும்.

எங்கள் சென்டரில் அப்போது ஓடியது பிஎஸ்2. அதற்கப்புறமும் வெகுகாலம் அதுதான் ஓடியது. சோனி பிஎஸ்2 தயாரிப்பை நிறுத்தியதாக அறிவித்ததே 2013 ஜனவரியில். பிஎஸ்3 வந்து ஆறு வருடம் கழித்து! அந்த ஆறு வருடமும் எங்களைப் போன்ற ஊர்களில் சோனி பெயரைக் காப்பாற்றியது பழைய பெட்டிதான்.

13 அக்டோபர் 2025

"அப்போ தயார் இல்லை என்கிறீர்களா" என்று அதே தம்பி கேட்கிறார். இல்லை, சிப் விஷயத்தில் சோனிமேல் எனக்கு நம்பிக்கை நிறையவே இருக்கிறது. பிஎஸ்3-க்குப் பிறகு அவர்கள் வேலை செய்யும் முறையே மாறிவிட்டது. பிஎஸ்4-க்கு முன்பு ஆட்டம் எழுதுகிறவர்களிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். எல்லாருக்கும் பழகின பிசி மாதிரிச் சிப், ஒரே தொகுப்பாக 8 ஜிபி வேகமான மெமரி. 2013-ல் 399 டாலர். பிஎஸ்5-லும் அதே பாதை. அதனால்தான் பிஎஸ்4 ஆட்டங்கள் அநேகமாக எல்லாமே பிஎஸ்5-ல் ஓடுகின்றன. 4,000-க்கும் மேல்.

நான் "தயார்" என்று சொன்னால் அது வேறு அர்த்தம். புதுப் பெட்டி வந்த அன்றைக்கு வாங்குகிறவன் மட்டும் தாண்டிப்போனால் போதாது. அவனிடமிருந்து செகண்ட்ஸில் வாங்குகிறவன், அவனிடமிருந்து மூன்றாவதாக வாங்குகிறவன், எல்லாரும் தாண்டிப்போக வழி இருக்கிறதா? கடலூரிலும் பாண்டியிலும் கன்சோல் வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த இரண்டாவது, மூன்றாவது ஆள்தான்.

19 அக்டோபர் 2025, தீபாவளிக்கு முந்தின நாள்

சென்டரில் கூட்டம். போனஸ் வாங்கிய சிப்காட் பையன்கள் இரண்டு பேர் பிஎஸ்5 வாங்கலாமா, காத்திருக்கலாமா என்று கேட்டார்கள். மேலே முத்தியால்பேட்டைத் தம்பி சொன்னதையும் படித்திருக்கிறார்கள். விலையைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த முறை ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது.

பிஎஸ்2 அமெரிக்காவில் 2000-ல் 299 டாலருக்கு வந்தது. 2009-ல் 99 டாலர். கன்சோல் என்றால் அப்படித்தான். முதல் வருடம் பணக்காரன் வாங்குவான், நாலாவது வருடம் நாம் வாங்குவோம். சிப் தயாரிக்கும் செலவு வருடா வருடம் இறங்கும், விலையும் இறங்கும்.

பிஎஸ்5-ல் இது தலைகீழாகிவிட்டது. இந்தியாவில் 2021 பிப்ரவரி 2-ம் தேதி டிஸ்க் மாடல் 49,990 ரூபாய், டிஸ்க் போட இடமில்லாத டிஜிட்டல் மாடல் 39,990. 2022 நவம்பரில் டிஸ்க் மாடலை 54,990 ஆக்கினார்கள். 2024 ஏப்ரலில் மெலிந்த ஸ்லிம் வடிவம் வந்தபோதும் டிஸ்க் மாடல் அதே 54,990, டிஜிட்டல் 44,990. அமெரிக்காவில் 2020-ல் 499 டாலருக்கு விற்ற டிஸ்க் மாடல், 2025 ஆகஸ்டில் 549.99 ஆனது. ஐந்தாவது வருடத்தில் ஒரு கன்சோல் முதல் வருடத்தைவிட விலை கூடி விற்கிறது! சிறிய டிரான்சிஸ்டர் என்றால் மலிவான டிரான்சிஸ்டர் என்ற காலம் போய்விட்டது. இறக்குமதி வரி, பணவீக்கம் எல்லாம் அதற்கு மேல்.

அப்படியானால் "காத்திருந்தால் மலிவாகும்" என்ற எங்கள் ஊர்க் கணக்கு இனி செல்லாது. பிஎஸ்6 வந்த பிறகு பிஎஸ்5 விலை இறங்கும் என்று நினைத்துப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு உட்காருகிறவர்களுக்கு நான் சொல்வது: அந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

முன்பெல்லாம் டிவி, டெக் வாங்க கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறுவார்கள். அங்கே விற்பனை வரி குறைவு. எங்கள் வீட்டு முதல் கலர் டிவி ரெட்டிச்சாவடி தாண்டி வந்ததுதான். என் சித்தப்பா பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் இரண்டு ஊரிலும் ஒரே வரி. பாண்டி நேரு வீதியில் கேட்டாலும் கடலூர் லாரன்ஸ் ரோட்டில் கேட்டாலும் கன்சோல் விலை ஒன்றுதான். பாண்டிக்குப் போகவேண்டியதில்லை, பஸ் காசு மிச்சம்.

22 அக்டோபர் 2025

தீபாவளி முடிந்தது. சென்டரில் ஒரு கன்ட்ரோலரின் இடது குச்சி தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. பையன்கள் கொண்டாடிய கொண்டாட்டம் அப்படி.

டிஸ்க் பற்றி எழுதச் சொல்லி லாஸ்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். இது என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயம், கொஞ்சம் நீளும்.

சோனி வெளியிடும் கணக்குப்படி, பிளேஸ்டேஷனில் விற்கும் முழு ஆட்டங்களில் பத்தில் ஏழுக்கு மேல் இன்டர்நெட்டில் இறக்கும் டிஜிட்டல். இதைக் காட்டித்தான் டிஸ்க் செத்துவிட்டது என்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கில் புது விற்பனை மட்டும்தான் வரும். பாண்டிச்சேரி மகாத்மா காந்தி ரோட்டு சண்டே மார்க்கெட்டில் கைமாறும் டிஸ்க் அதில் வராது. நான் 4,000 ரூபாய்க்கு வாங்கி, ஆறு மாதம் சென்டரில் ஓட்டிவிட்டு, மஞ்சக்குப்பத்துப் பையனுக்கு 1,500-க்குக் கொடுத்து, அவன் முடித்துவிட்டு நெல்லிக்குப்பத்துக்காரருக்கு 1,000-க்குக் கொடுத்தால், சோனி கணக்கில் அது ஒரே ஒரு விற்பனை. எங்கள் கணக்கில் மூன்று வீடு.

இந்த மூன்று வீட்டில் இரண்டு வீடு டிஸ்க் இல்லாவிட்டால் அந்த ஆட்டத்தைத் தொட்டே இருக்காது. அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் பின்னால் சம்பாதிக்கும்போது புதுப் பெட்டி வாங்குகிறார்கள். எங்கள் சென்டரில் பழைய டிஸ்க்கில் ஆடி வளர்ந்த ஒரு பையன் இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். முதல் சம்பளத்தில் வாங்கியது பிஎஸ்5. ஊருக்கு வரும்போது டிஸ்க்குகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்து தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போகிறான். சோனிக்கு வாடிக்கையாளர் உருவாகும் பாதை இது. அதை அடைத்தால் நஷ்டம் சோனிக்கும்தான்.

இப்போது சோனி எங்கே நிற்கிறது? ஸ்லிம்மில் டிரைவைக் கழற்றி மாட்டும்படி செய்துவிட்டார்கள். முதல் தடவை மாட்டும்போது இன்டர்நெட்டில் பதிய வேண்டும். 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 ப்ரோவில் டிரைவே கிடையாது, தனியாக வாங்கணும். அப்போது இந்தியாவுக்கு ப்ரோ வரவில்லை, அது டிஸ்க்கால் அல்ல. அதிலுள்ள புது வைஃபை 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துகிறது, அதற்கு அன்றைக்கு இங்கே அனுமதி இல்லாததால் விற்கவில்லை. ஒரு ரேடியோ அலைக்காக ஒரு நாடே விட்டுப்போயிற்று. பிஎஸ்6-லும் அதே நிலை வராமல் இருக்க வேண்டும். தயார் என்று சொல்வதற்கு முன்பு இந்த மாதிரிச் சின்ன விஷயங்களைக் கேட்கவேண்டும்.

22 அக்டோபர் 2025, அதற்கு மேல் ஒன்று

லாஸ்பேட்டைக்காரர் சொல்கிறார்: டிஜிட்டலில் வாங்கினால் சிடி கீறல் விழாது, தொலையாது, எந்தப் பெட்டியிலும் இறக்கிக்கொள்ளலாம். நியாயம்தான். எங்கள் கடல்காற்றில் லென்ஸ் மங்குவதையும், எச்டிஎம்ஐ முனை பச்சை பிடிப்பதையும் தினமும் பார்க்கிறேன். ஆனால் 2021 மார்ச்சில் பிஎஸ்3, கையடக்க வீட்டா ஆகியவற்றின் ஆன்லைன் கடைகளை மூடப்போவதாக சோனி அறிவித்தது. கூச்சல் கிளம்பியதும் அடுத்த மாதமே முடிவை மாற்றிக்கொண்டது. மூடியிருந்தால்? வாங்கியதை இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள், சரி, எத்தனை நாளைக்கு? கடை திறந்திருப்பது கம்பெனியின் விருப்பம். டிஸ்க் என் அலமாரியில் இருப்பது என் விருப்பம்.

25 அக்டோபர் 2025

ஹேலோ பிளேஸ்டேஷனுக்கு வருகிறது! மைக்ரோசாஃப்ட்டே அறிவித்துவிட்டது. முதல் ஹேலோவைப் புதிதாகச் செய்து 2026-ல் பிஎஸ்5-லும் விடப்போகிறார்கள். காலையிலிருந்து மூன்று பேர் இதே செய்தியை அனுப்பிவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கு அடையாளமே அந்த ஆட்டம்தான். 2001-ல் எக்ஸ்பாக்ஸ் வாங்கக் காரணமாக இருந்தது இப்போது சோனி பெட்டியில்.

முத்தியால்பேட்டைத் தம்பிக்குக் கொண்டாட்டம். எனக்குச் சந்தோஷமும் கவலையும் சரிபாதி.

கவலை ஏன் என்றால், சோனி நன்றாக நடந்துகொண்டதெல்லாம் எதிரில் ஆள் நின்றபோதுதான். பிஎஸ்2 10 கோடியைத் தாண்டி விற்ற தெம்பில்தான் பிஎஸ்3-க்கு 599 டாலர் விலை வைத்தார்கள். அந்த இடைவெளியில் எக்ஸ்பாக்ஸ் 360 ஏறி வந்தது. இந்தியாவுக்கே பிஎஸ்3-க்கு முன்பாக, 2006 செப்டம்பரில், வந்துவிட்டது. அக்ஷய் குமாரும் யுவராஜ் சிங்கும் விளம்பரத்தில் வந்தார்கள். அந்த அடிதான் சோனியைத் திருத்தியது. 2013-ல் கதை அப்படியே திரும்பியது. எக்ஸ்பாக்ஸ் ஒன் எப்போதும் இன்டர்நெட் கேட்கும், செகண்ட்ஸ் டிஸ்க்குக்குக் கட்டுப்பாடு என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. ஜனங்கள் கொதித்தார்கள். ஒரு மாதத்துக்குள் பின்வாங்கினார்கள், ஆனால் பெயர் கெட்டது கெட்டதுதான். சோனி அந்த இடத்தில் நின்று, எங்கள் டிஸ்க்கை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று சொல்லி 100 டாலர் குறைவாக விற்றது. பிஎஸ்4 11 கோடியே 70 லட்சம் போயிற்று.

அந்த வெற்றிக்குக் காரணமே செகண்ட்ஸ் வாங்குகிறவனுக்குக் கொடுத்த வாக்குறுதி. இப்போது எதிரில் யாரும் இல்லையென்றால் அதே வாக்குறுதியை யார் காப்பாற்ற வைப்பார்கள்?

மைக்ரோசாஃப்ட் முழுதாகப் போய்விடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அடுத்த பெட்டிக்கு ஏஎம்டியோடு ஒப்பந்தம் போட்டிருப்பதாக இந்த ஜூனில்தான் சொன்னார்கள். அவர்கள் வரட்டும். நல்ல விலையில் வரட்டும்.

26 அக்டோபர் 2025

"சோனி எவ்வளவு பெரிய கம்பெனி, தவறவே தவறாது" என்று எழுதியவருக்கு.

செகாவை நினைத்துக்கொள்ளுங்கள். 90-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நிண்டெண்டோவுக்கு நேருக்கு நேர் நின்ற கன்சோல் கம்பெனி. 1994 நவம்பரில் பழைய பெட்டிமேல் சொருகும் 32எக்ஸ் என்ற துணைப்பெட்டியை 159 டாலருக்கு விற்றது. அதே மாதம் ஜப்பானில் சாட்டர்ன் என்ற புதுப் பெட்டியையும் இறக்கியது. 32எக்ஸ் வாங்கியவன் நிலை என்ன? அடுத்த மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில், செப்டம்பரில் வருவதாக இருந்த சாட்டர்ன் இன்றே கடையில் கிடைக்கும் என்று அறிவித்தார்கள், 399 டாலர். தேர்ந்தெடுத்த சில கடைகளுக்கு மட்டும் சரக்கு. கிடைக்காத கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். ஆட்டம் எழுதுகிறவர்கள் செப்டம்பரை நம்பி வேலை பார்த்துக்கொண்டிருந்ததால் விற்க ஆட்டமும் இல்லை. அன்றைக்கே சோனி ஆள் மேடையேறி 299 என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கிப்போனார். அந்த எண் முதல் பிளேஸ்டேஷனின் விலை.

அடுத்து வந்த ட்ரீம்காஸ்ட் அருமையான பெட்டி. உள்ளேயே மோடம் இருந்தது. ஆனால் முந்தின இரண்டு தடவை அடிபட்டவர்கள் திரும்பி வரவில்லை. 2001 ஜனவரி 31-ல் செகா கன்சோல் தொழிலையே விட்டது. விற்றது 91 லட்சம்தான்.

செகாவிடம் அறிவு, திறமை, நல்ல ஆட்டங்கள் எல்லாம் இருந்தன. பழைய பெட்டி வைத்திருந்தவனை மதிக்கவில்லை. கடைக்காரனை மதிக்கவில்லை. நான் டிஸ்க், செகண்ட்ஸ் என்று திரும்பத் திரும்பப் பேசுவதற்கு இதுதான் காரணம்.

7 நவம்பர் 2025

எல்லாரும் காத்திருக்கும் ஜிடிஏ 6 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) ஆட்டம் மறுபடியும் தள்ளிப்போய்விட்டது. அதிகாலையில் செய்தி. 2026 மே 26 என்று இருந்தது, இப்போது நவம்பர் 19. சாயங்காலம் சென்டரே துக்க வீடு போல இருந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் தம்பி ஒருவன், "அண்ணே, அது வர்றதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். உண்மையிலேயே ஆகலாம், வீட்டில் பெண் பார்க்கிறார்கள்.

இது சோனியின் தயார்நிலையையும் பாதிக்கிற விஷயம். ஜிடிஏ 5 2013 செப்டம்பரில் பிஎஸ்3-க்கு வந்தது, 2014-ல் பிஎஸ்4-க்கு, 2022-ல் பிஎஸ்5-க்கு. ஒரே ஆட்டம், மூன்று தலைமுறை. எங்கள் சென்டரில் இன்றைக்கும் வாரக் கடைசியில் அதிகம் கேட்பது அதுதான். ஒரு பெரிய ஆட்டம் எழுத ஆறு, ஏழு வருடம் ஆகும் காலத்தில் கன்சோல் மட்டும் ஏழு வருடத்துக்கு ஒருமுறை மாறுவது எதற்கு? பிஎஸ்5-க்கென்றே எழுதிய ஆட்டங்கள் இப்போதுதான் கைக்கு வர ஆரம்பித்திருக்கின்றன. காட் ஆஃப் வார் ரக்னராக் 2022 நவம்பரில் வந்தபோதுகூட பிஎஸ்4-க்கும் சேர்த்துத்தான் வந்தது. எனக்கு அது பெரிய உபகாரம், ஒரு டிஸ்க் வாங்கி இரண்டு மேஜைக்கு மாற்றி மாற்றி ஓட்டினேன்.

அதோடு சோனி தன் சொந்த ஸ்டுடியோக்களின் வருடங்களை வீணடித்தது. எப்போதும் ஆன்லைனில் ஓடும் ஆட்டங்களில் பெரும் பணம் இருக்கிறது என்று பத்துக்கு மேல் திட்டமிட்டார்கள். அதில் ஒன்றான கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23-ல் வந்தது, செப்டம்பர் 6-ல் கடையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதைச் செய்த ஸ்டுடியோவும் மூடப்பட்டது. வருடக்கணக்கான உழைப்பு இரண்டு வாரத்தில் போயிற்று. அதே ரகத்து ஹெல்டைவர்ஸ் 2 ஓடியது உண்மை, அது நல்ல ஆட்டமும்கூட. ஆனால் ஒன்று ஓடுகிறது என்பதற்காக எல்லா ஸ்டுடியோவையும் அந்தப் பக்கம் திருப்பக்கூடாது.

சிப்பைவிட இதுதான் எனக்குப் பெரிய கேள்வி. பெட்டி 2027-லோ 2028-லோ வரட்டும். அன்றைக்கு அதில் போட என்ன இருக்கும்?

13 நவம்பர் 2025

பிசி ஆட்டங்கள் விற்கும் ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் கம்பெனி, ஸ்டீம் மெஷினை அறிவித்துவிட்டது. சின்னச் சதுரப் பெட்டி, டிவியில் மாட்டி பிசி ஆட்டங்கள் ஆடலாம். விலை சொல்லவில்லை. இந்தியாவுக்கு வருமா என்ற பேச்சே இல்லை. இருந்தாலும் எதிராளி ஒருவர் கிடைத்துவிட்டார்.

30 நவம்பர் 2025

டிட்வா புயல் மழை. சென்டரை மூடிவிட்டு வீட்டில் இருக்கிறேன். போன வருடம் இதே தேதியில்தான் ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரை கடந்தது. பாண்டியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 செ.மீ. கொட்டியது. அப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரில் பல இடம் மூழ்கியது. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, ஆனால் கரண்ட் வந்த பிறகும் இன்டர்நெட் வரவில்லை.

அந்த நாட்களைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். பள்ளிக்கூடம் லீவு. தெருவில் சேறு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சென்டருக்கு வந்துவிட்டார்கள், நானும் காசு வாங்கவில்லை. அன்றைக்கு எது ஓடியது? டிஸ்க்கில் முழுசாக இருந்த பழைய ஆட்டங்கள். பிஎஸ்3-ல் கிரிக்கெட், பிஎஸ்4-ல் டெக்கன் என்ற சண்டை ஆட்டம். உள்நுழையாமல் மெனுவே திறக்காத ஒரு கார்ப் பந்தயம் கடைசிவரை திறக்கவில்லை. டிஸ்க் என்று பெயருக்கு ஒரு தட்டு, உள்ளே பாதிதான், மீதியை இறக்கணும் என்ற ரகத்தில் ஒன்றும் படுத்துவிட்டது. பிள்ளைகளுக்கு அது புரியவே இல்லை. "சிடி இருக்குல்ல அங்கிள், போடுங்க" என்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தபோது மாவட்டத்தில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதற்கு எந்தக் கன்சோலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கரண்ட் இருந்தும் ஆட முடியாமல் போவது வேறு. அது நாமே உண்டாக்கிக்கொண்டது.

நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-லும் இந்தக் கேள்வி வந்துவிட்டது. ஜூன் 5-ல் வந்த பெட்டி. முதல் நான்கு நாளில் 35 லட்சம் விற்றது. பழைய ஸ்விட்ச் கார்டுகள் பெரும்பாலும் அதில் ஓடுகின்றன, அந்த வகையில் பழைய ஆட்களை நன்றாகவே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆனால் கேம்-கீ கார்டு என்று ஒன்று கொண்டுவந்தார்கள். கார்டில் ஆட்டம் இல்லை, இறக்குவதற்கான சாவி மட்டும். கைமாற்றி விற்கலாம், அது ஒரு நிம்மதி. முதல் தடவை இறக்க இன்டர்நெட் இருந்தே ஆகவேண்டும்.

பிஎஸ்6 வடிவமைக்கிறவர்கள் டிசம்பர் மாதத்தில் ஒரு வாரம் கடலூரில் வந்து தங்கவேண்டும் என்று மனப்பூர்வமாக ஆசைப்படுகிறேன். சோறு நான் போடுகிறேன்.

5 டிசம்பர் 2025

இந்த வாரச் செய்தி எல்லாவற்றையும் மாற்றுகிறது. மைக்ரான் கம்பெனி தன் க்ரூஷியல் பிராண்டில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம், எஸ்எஸ்டி விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி கொடுப்பதில்தான் லாபம். கடந்த சில மாதமாகவே ரேம் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. பிசி கட்டித் தரும் மஞ்சக்குப்பத்து நண்பர் காலையில் சொன்ன விலை சாயங்காலம் செல்லாது என்கிறார்.

கன்சோலின் விலையில் மெமரி பெரும் பங்கு. பிஎஸ்5-ல் 16 ஜிபி இருக்கிறது. அடுத்த பெட்டிக்கு அதைவிட நிறைய வேண்டும். இந்த விலையில் வாங்கிப் போட்டால் பிஎஸ்6 என்ன விலைக்கு வரும்? பிஎஸ்3-ன் 599 டாலரைப் பற்றி நான் முதல் குறிப்பில் எழுதியதை இப்போது வேறு கண்ணோடு பார்க்கவேண்டியிருக்கிறது. அன்றைக்கு சோனி தானே தேர்ந்தெடுத்த செல் சிப்பும் ப்ளூ-ரேயும் விலையை ஏற்றின. இந்தத் தடவை வெளியிலிருந்து வருகிறது.

அக்டோபரில் எழுதும்போது 2027 என்ற பேச்சு எனக்கு உற்சாகமாக இருந்தது. இப்போது அந்த அவசரம் வேண்டாம் என்று தோன்றுகிறது. மெமரி விலை அடங்கும்வரை பிஎஸ்5-ஐ இன்னும் ஒன்றிரண்டு வருடம் இழுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. 8 கோடிக்கு மேல் பெட்டிகள் வீடுகளில் இருக்கின்றன. அவற்றுக்கு ஆட்டம் எழுதட்டும். எங்கள் ஊரில் பிஎஸ்4-லிருந்து பிஎஸ்5-க்கு மாறுவதே இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறது.

அந்த யூனிவர்சல் கம்ப்ரெஷன் விஷயம் இப்போது இன்னும் முக்கியமாகிறது. குறைந்த மெமரியில் அதிக வேலை. செர்னி குழு அதை முடித்துக் காட்டினால் மற்ற இரண்டும் கொஞ்சம் பின்னால் வந்தாலும் பரவாயில்லை.

14 டிசம்பர் 2025

முத்தியால்பேட்டைத் தம்பி நேற்று நேரிலேயே வந்துவிட்டார், பைக்கில். டெக்கனில் என்னிடம் தோற்றுவிட்டு, டீ குடித்துக்கொண்டே மறுபடியும் அதே கேள்வி. தயாரா, இல்லையா?

அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். சிப்புக்கு வழி தெரிந்திருக்கிறது. பழைய ஆட்டங்கள் ஓடும் என்று நம்பலாம், பிஎஸ்4-லிருந்து ஒரே குடும்பச் சிப்பாக வருவதால் அதை விட்டுக்கொடுக்கக் காரணமில்லை. போட ஆட்டம் போதாது. விலைக்கு விடை இல்லை. டிஸ்க் பற்றி சோனி வாய் திறக்கவில்லை. கடைசி இரண்டும் தெளிவாகும்வரை நான் தயார் என்று சொல்லமாட்டேன். டிரைவை உள்ளேயே வைத்துத் தரவேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. தனியாக விற்றாலும் சரி, இந்தியாவிலும் முதல் நாளே கிடைக்கவேண்டும், இன்டர்நெட் இல்லாத நாளிலும் மாட்டினால் வேலை செய்யவேண்டும்.

அவருக்கு முழுத் திருப்தி இல்லை. பிஎஸ்5-ஐ விற்பதில்லை என்று மட்டும் முடிவு செய்திருக்கிறார்.

நெல்லிக்குப்பம் அண்ணன் கேட்டதற்கு: பொங்கலுக்குப் பையனுக்கு வாங்குவதென்றால் டிஸ்க் மாடலே வாங்குங்கள், விலை வித்தியாசம் பழைய டிஸ்க்குகளிலேயே திரும்பி வந்துவிடும். எஸ்எஸ்டி கூடுதலாகப் போடும் எண்ணம் இருந்தால் ஹீட்சிங்க் (சூடு தணிக்கும் தகடு) உள்ள ஜென்4 எம்.2 ரகம் பார்த்து, தை பிறக்கும்வரை காத்திருக்காமல் இந்த மாதமே வாங்கிவிடுங்கள். மாட்டித் தர நான் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் வரலாம்.